மூடிய கிராமத்து ரயில் நிலையத்தின் வரலாற்றை எங்கிருந்து தேடுவது? (மயிலாடுதுறை – தரங்கம்பாடி கிளைப் பாதை)

ஊர்மலர்:

வணக்கம். மயிலாடுதுறை – தரங்கம்பாடி மீட்டர்கேஜ் கிளைப் பாதையில் இருந்த சிறு நிலையங்களில் ஒன்றைப் பற்றி ஊர் மலருக்கு ஒரு கட்டுரை தயாராகிறது. பாதை 1926-ல் திறந்தது, மாயூரம் டவுன், மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாகத் தரங்கம்பாடி போனது, 1980களில் நின்றுபோனது என்ற அளவுக்குத் தெரியும். அதைத் தாண்டினால் எல்லாம் வாய்மொழிதான்.

கேள்விகள்:

1. மூடிய வருடத்தை ஊரில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது, எந்தத் தாளை வைத்து உறுதி செய்வது?
2. அது முழு நிலையமா, வெறும் ஹால்ட்டா (ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாமல் வண்டி நின்று போகும் இடம்)? கைகாட்டி (சிக்னல் கம்பம்) இருந்தது என்று ஒருவர், இல்லவே இல்லை என்று இன்னொருவர்.
3. தண்டவாளம் எடுத்த இடத்தில் இப்போது என்னென்ன பார்த்தால் பழைய அமைப்பு தெரியும்?

இணையத்தில் கிடைப்பதெல்லாம் ஒரே பத்தியின் நகல்கள். தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மீட்டர்கேஜ்:

மூன்று வருடமும் சரியாக இருக்கலாம் சார். கிளைப் பாதை நிலையம் ஒரே நாளில் மூடுவதில்லை, படிப்படியாகத்தான் சாகும். ஒவ்வொரு படிக்கும் தனித் தேதி, தனி இலாகா, தனித் தாள். பெரும்பாலும் நடக்கும் வரிசை இது:

முதலில் சரக்கு புக்கிங் நிற்கும். லாரி வந்த பிறகு நெல்லும் உரமும் சாலைக்குப் போய்விடும், சரக்கு ஏற்றும் பக்கத் தண்டவாளமான சைடிங் புல் முளைத்துக் கிடக்கும். இது வணிகப் பிரிவின் அறிவிப்பு. அடுத்தது ஸ்டேஷன் மாஸ்டரைத் திரும்பப் பெற்று நிலையத்தை ஹால்ட்டாக இறக்குவது. அதன் பிறகு கமிஷன் அடிப்படையில் ஓர் ஏஜென்ட் டிக்கெட் விற்பார், அல்லது வண்டியின் கார்டே கொடுப்பார். இது இயக்கப் பிரிவின் உத்தரவு. மூன்றாவது, கடைசி வண்டி ஓடிய நாள். ஊர் நினைவில் நிற்பது இதுதான். ஆனால் காகிதத்தில் பெரும்பாலும் 'தற்காலிக நிறுத்தம்' என்றுதான் ஏறியிருக்கும். நான்காவது முறையான மூடல் ஆணை. ஐந்தாவது தண்டவாளம் எடுக்கும் டெண்டர். இது பொறியியல் மற்றும் ஸ்டோர்ஸ் பிரிவு.

ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர் போன வருடத்தைச் சொல்வார், இன்னொருவர் கடைசி வண்டியை, மூன்றாமவர் தண்டவாளத்தை லாரியில் ஏற்றிய வருடத்தை. கட்டுரையில் "மூடப்பட்டது" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல் எது நின்றது என்று எழுதுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

இனி தாள்கள்.

பொதுமக்களுக்கான தெற்கு ரயில்வே கால அட்டவணைப் புத்தகம்தான் முதல் படி. அகில இந்திய விரைவு வண்டி அட்டவணை வாங்கி ஏமாறாதீர்கள், அதில் பாசஞ்சர் வண்டியே இருக்காது. மண்டலப் புத்தகத்தில் கிளைப் பாதைக்குத் தனி அட்டவணை எண் உண்டு. வருட வரிசையில் வைத்துப் பார்த்தால் நாளைக்கு எத்தனை ஜோடி வண்டி, எது குறைந்தது, எந்த ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் எப்போது ஹால்ட் என்று சேர்ந்தது எல்லாம் வரும். பொறி ஒன்று உண்டு: சேவை நின்ற பிறகும் அடிக்குறிப்போடு அட்டவணை அச்சில் தொடரும். ஆகவே அட்டவணையில் இருப்பதே வண்டி ஓடியதற்குச் சாட்சி ஆகாது. அடிக்குறிப்பைப் படித்தாக வேண்டும்.

ஊழியர்களுக்கான வொர்க்கிங் டைம் டேபிள் கிடைத்தால் இரண்டாவது கேள்விக்கு அங்கேயே பதில். நிலையத்தின் வகுப்பு அதில் இருக்கும். ஏ, பி, சி என்றால் பிளாக் நிலையம். அதாவது வண்டியை அடுத்த நிலையத்துக்கு அனுப்ப அனுமதி கேட்டு வாங்கும் இடம். டி என்றால் பிளாக் வேலையில் பங்கில்லாத இடம். வண்டி நிற்கும், ஆள் ஏறும், அவ்வளவுதான். போக்குவரத்து குறைவான கிளையில் முழுப் பாதைக்கும் ஒரே ஒரு வண்டி என்ற முறையும் நடைமுறையில் உண்டு. அப்படி ஓட்டினால் நடுவில் உள்ள நிலையங்களுக்கு டோக்கன் கருவியே (வண்டி கிளம்ப அனுமதி அடையாளம் தரும் எந்திரம்) தேவையில்லை. கைகாட்டி இருந்ததா இல்லையா என்ற சண்டையிலும் இரண்டு பேரும் வேறு வேறு காலத்தைப் பேசிக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவதாக, இந்திய ரயில்வே மாநாட்டுச் சங்கம் வெளியிட்டு வந்த அகரவரிசை நிலையப் பட்டியல். நிலையக் குறியீடு, எந்தப் போக்குவரத்துக்குத் திறந்திருக்கிறது, என்ன கட்டுப்பாடு எல்லாம் ஒரே வரியில் இருக்கும். இரண்டு பதிப்பை ஒப்பிட்டால் சரக்கு எப்போது நின்றது என்பது சில வருட இடைவெளிக்குள் அடங்கிவிடும். குறியீட்டை மட்டும் வைத்து இணையத்தில் தேட வேண்டாம். மூடிய நிலையத்தின் குறியீடு வேறு ஊருக்குப் போயிருக்க வாய்ப்புண்டு.

திறப்புக்கு: ரயில்வே போர்டு வெளியிட்ட பாதைத் திறப்புத் தேதித் தொகுப்பில் பகுதி வாரியாகத் தேதியும் மைலும் இருக்கும். அது பாதைக்கான தேதி. இடையில் ஒரு நிலையம் பின்னால் சேர்ந்திருந்தால் அதில் தெரியாது.

எந்தப் பெயரில் தேடுவது என்பதும் முக்கியம். மாயவரம், மாயூரம், 1982-க்குப் பிறகு மயிலாடுதுறை. தரங்கம்பாடி ஆங்கில ஆவணங்களில் டிராங்குபார். நிர்வாகமும் மாறியிருக்கிறது: 1944 வரை தென்னிந்திய ரயில்வே கம்பெனி, பிறகு அரசு, 14-4-1951 முதல் தெற்கு ரயில்வே. கம்பெனிக் காலத் தாள்களில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கிறது. சென்னையில் கன்னிமாரா நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் முதலில் எட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள்.

---

புலஎண்:

மீட்டர்கேஜ் ரயில்வே பக்கம் சொல்லிவிட்டார். நிலத்தின் பக்கம் இன்னும் உறுதியானது. ரயில்வே கோப்பு அழிந்தாலும் வருவாய்த்துறைக் கணக்கு அழியாது.

தொடங்க வேண்டிய இடம், 1926-க்கு முந்தைய சில வருடங்களின் ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெசட், அதாவது அன்றைய சென்னை மாகாண அரசிதழ். 1894-ஆம் வருட நிலக் கையகச் சட்டப்படி ரயிலுக்கு எடுத்த நிலத்துக்கு அறிவிப்பு வரும். கிராமம், புல எண், நன்செயா புன்செயா, ஏக்கர்-சென்ட், பட்டாதாரர் பெயர் வரை இருக்கும். பாதைக்கு எடுக்கும் நிலம் நீண்டு ஒடுங்கிய பட்டையாகப் போகும், ஒவ்வொரு புலத்திலும் சில சென்ட்தான் வெட்டுவார்கள். ஒரு கிராமத்தில் மட்டும் திடீரென்று ஏக்கர் கணக்கில் எடுத்திருந்தால் அங்கே நிலையமும் யார்டும் (நிலையத்துத் தண்டவாளங்கள் பரவிய வளாகம்) திட்டமிட்டார்கள் என்று அர்த்தம். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கெசட் தொகுப்பு இருக்கிறது. ஆராய்ச்சியாளர் அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கட்டுரையின் நோக்கத்தை எழுதி, ஊர் அமைப்பின் கடிதத்தோடு கொடுங்கள்.

அங்கே இன்னொரு தொகுப்பையும் கேளுங்கள்: உள்ளாட்சித் துறை அரசாணைகள். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஜில்லா போர்டே (மாவட்ட உள்ளாட்சி மன்றம்) ரயில் போட்டிருக்கிறது. 1894-ல் திறந்த மாயவரம் – முத்துப்பேட்டை பாதை ஜில்லா போர்டு போட்டது, ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. அதனால் இந்த வட்டாரத்து ரயில் விவாதம், எந்த ஊருக்கு நிலையம் என்ற இழுபறி, மிராசுதார்களின் மனு, எல்லாம் ரயில்வே கோப்புகளோடு போர்டு கோப்புகளிலும் சிதறிக் கிடக்கும். ரயில்வே இலாகா அட்டவணையை மட்டும் புரட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பி வருபவர்கள்தான் அதிகம்.

இப்போதைய நிலைக்கு அ-பதிவேடும் (கிராமத்தின் நில விவரப் பதிவேடு) புல வரைபடமும். தமிழக அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரம் வரும். ரயில்வே நிலம் பெரும்பாலும் புறம்போக்கு வகையில் ரயில்வே பெயரில் நிற்கும். கெசட்டில் பார்த்த எண்ணை நேராகப் போட்டால் சம்பந்தமில்லாத வயல் வரும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் பெருமளவு மாறின. அ-பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கு ஒரு கலம் இருக்கிறது, அதை வைத்துப் பின்னோக்கிப் போக வேண்டும். நீங்கள் தேடும் பாதை நின்றதும் அதே காலகட்டம் என்பதால் ஒரே துண்டு நிலம் ஒரு பதிவில் ரயில்வே, அடுத்ததில் பாதை புறம்போக்கு என்று இருந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம்.

மாவட்டமும் மாறிவிட்டது: 1991 வரை தஞ்சாவூர், பிறகு நாகப்பட்டினம், 2020 டிசம்பர் இறுதியிலிருந்து மயிலாடுதுறை. பழைய பதிவேடு எந்த மாவட்ட அலுவலகத்தில் தங்கியிருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டுப் பயணம் வையுங்கள்.

யாரும் பார்க்காத ஒரு தாள் சொல்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு. அதன் கிராம அட்டவணையில் போக்குவரத்துக் கலம் உண்டு, பஸ் நிறுத்தத்துக்கு ஒரு சுருக்கம், ரயில் நிலையத்துக்கு ஒரு சுருக்கம். 1971, 1981, 1991 மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1981-ல் இருந்த சுருக்கம் 1991-ல் காணாமல் போயிருக்கும். கணக்கெடுப்புத் துறை இணையதளத்தில் இலவசமாக இறக்கலாம். நிலையத்தின் பெயர்தான் ஊர்ப் பெயர் என்று நினைத்துத் தேடினால் தவறும். நிலம் எந்த வருவாய்க் கிராமத்தில் விழுகிறதோ அதற்கு எதிரில்தான் குறி இருக்கும்.

---

கைகாட்டிமரம்:

மூன்றாவது கேள்விக்கு.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியது முதலில். இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள் எண்படி மயிலாடுதுறையும் செம்பனார்கோயிலும் 58 எம்/12, திருக்கடையூரும் தரங்கம்பாடியும் 58 எம்/16. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவுத் தாள் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பின்னால் வந்த 1:50,000 தாள். புதிய திறந்த தொடருக்கு எண் முறையே வேறு, பழைய எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் பழைய தாள் வரும். ஓரத்தில் அச்சிட்ட ஆண்டும் அளவிட்ட ஆண்டும் தனித்தனியாக இருக்கும்; அளவிட்ட ஆண்டைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க ராணுவ வரைபடச் சேவையின் 1:250,000 தொடரை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அதுவும் பழைய அளவீட்டின் மேல் வரைந்ததுதான், அதனால் 1950களின் தாளில் இருப்பதெல்லாம் 1950களின் நிலை என்று நம்பிவிடக் கூடாது.

பிறகு செயற்கைக்கோள் படம். வயலின் வரப்பு கோணம் கோணமாக உடையும், வாய்க்கால் நெளியும். ரயில் பாதை மட்டும் நீளமாக நேராக வந்து மிக மெதுவாக வளையும். அந்தக் கோட்டில் ஓரிடத்தில் பட்டை அகலமாகி மறுபடி ஒடுங்கினால் அது யார்டு.

நேரில் போனால் கட்டடத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். செங்கல்லும் ஓடும் முதலில் போய்விடும். கடைசி வரை நிற்பது பாலம். டெல்டா மண்ணில் பாதை வாய்க்காலுக்கு வாய்க்கால் ஒரு பாலம் என்று போகும், தண்டவாளத்தைப் பெயர்த்தவர்கள் பாலத்தின் கட்டுமானத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பக்கச் சுவரில் பாலத்தின் எண், கண்களின் (தண்ணீர் போகும் திறப்புகளின்) எண்ணிக்கையும் அகலமும், நீரோட்ட அம்புக்குறி எழுதியிருக்கும். எண் பாதை தொடங்கும் இடத்திலிருந்து வரிசையாக ஏறும். ஆகவே இரண்டு பாலத்தின் எண் படிக்க முடிந்தால் போதும், நடுவில் எத்தனை காணாமல் போயின என்று கணக்கு வரும். எண்ணோடு ஏ என்று எழுத்து ஒட்டியிருந்தால் பிறகு சேர்த்த பாலம். சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் பழைய எண் மறைந்திருந்தால் சுரண்ட வேண்டாம். தண்ணீர் தெளித்துச் சாய்வாக டார்ச் அடித்தால் பெயின்ட் மேடு தெரியும்.

யார்டில் பார்க்க வேண்டியவை: தாழ்ந்த பிளாட்பாரத்தின் கருங்கல் விளிம்பு, கிணறு, பெயர்ப் பலகையின் இரண்டு தூண் அடி, கைகாட்டியின் அடித்தளம். கைகாட்டி இருந்ததா என்ற சந்தேகத்துக்கு இந்த அடித்தளம்தான் தீர்ப்பு. நிலையத்திலிருந்து இரு பக்கமும், பாதையின் ஓரத்தில், கம்பி ஓடிய சிறு கப்பித் தூண்களும் சில இடங்களில் மிஞ்சும். கைகாட்டியே இல்லாத ஹால்ட்டில் கம்பியும் கப்பியும் இருக்க நியாயமில்லை.

பெயர்ப் பலகை கிடைத்தால் கடல் மட்ட உயரத்தைப் பாருங்கள். அடிக் கணக்கில் எழுதியிருந்தால் மெட்ரிக்குக்கு முந்தைய பலகை அல்லது அதன் நகல். தூரமும் அப்படியே: பழைய தாளில் மைல், பின்னாளில் கிலோமீட்டர். மைலை 1.609-ஆல் பெருக்கி வரும் எண்ணும் புதிய அட்டவணையின் எண்ணும் சில நூறு மீட்டர் விலகினால் அது முழு எண்ணாக்கியதால் வந்தது. நிலையம் இடம் மாறியது என்று கதை கட்டிவிடக் கூடாது.

---

ஊர்மலர்:

மூவருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு சந்தேகம். பழைய யார்டு பக்கத்துத் தோட்ட வேலியில் தண்டவாளத் துண்டைத் தூணாக நட்டிருக்கிறார்கள். அதில் மேடான எழுத்தில் கம்பெனிப் பெயரும் 18 என்று தொடங்கும் ஆண்டும் இருக்கின்றன. 1926-க்கு முன்பே அங்கே ஏதாவது பாதை இருந்ததா? அந்தத் துண்டை ஊர் நூலகத்தில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள்.

---

கைகாட்டிமரம்:

இல்லை. அது தண்டவாளம் உருட்டிய ஆண்டு, பாதை போட்ட ஆண்டு கிடையாது. முக்கியப் பாதையில் கனமான புதுத் தண்டவாளம் போடும்போது கழற்றிய பழையதைக் கிளைக்கு அனுப்புவார்கள், கிளையில் தேய்ந்ததை சைடிங்குக்கு, அங்கும் முடிந்ததைக் கேட்டுக்கும் வேலிக்கும். நாற்பது வருடம் பழைய தண்டவாளம் 'புது'ப் பாதையில் கிடப்பது சாதாரணம். ஆண்டு ஒரே ஒரு விஷயத்தைத்தான் நிரூபிக்கும்: அந்தத் துண்டு அதற்கு முன்பு அங்கே வந்திருக்க முடியாது.

ஆனாலும் அளந்து வையுங்கள். எடை வகை தெரிந்தால் பாதை எந்தத் தரத்தில் இருந்தது என்று எழுதலாம். ஆர் வகைத் தண்டவாளங்களின் அளவு:

50 ஆர்: உயரம் 104.8 மி.மீ., அடிப்பாகத்தின் அகலம் 100 மி.மீ.
60 ஆர்: உயரம் 114.3, அடி 109.5
75 ஆர்: உயரம் 128.6, அடி 122.2

50, 60 என்பது ஒரு கெஜத்துக்கு எத்தனை பவுண்டு என்பது. 60 என்றால் மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. தலை தேய்ந்திருந்தால் உயரம் சில மி.மீ. குறையும், ஆகவே அடி அகலத்தை நம்புங்கள். துரு உப்பியிருந்தால் அதுவும் ஒன்றிரண்டு மி.மீ. ஏமாற்றும். கம்பிப் பிரஷால் லேசாகத் தட்டிவிட்டு காலிபரை மூன்று இடத்தில் வையுங்கள். 19-ஆம் நூற்றாண்டுத் துண்டு என்பதால் இந்த மூன்றிலும் சேராமலும் போகலாம். ஆர் வகை அதற்குப் பிறகு வந்த தரம். அப்படியானால் குறுக்குவெட்டைக் காகிதத்தில் அழுத்தி வரைந்து அளவோடு வெளியிடுங்கள், அடையாளம் காண்பவர்கள் இருக்கிறார்கள்.

எழுத்தைப் படிக்க: சாக்பீஸைப் படுக்க வைத்துத் தண்டவாளத்தின் இடுப்புப் பகுதியில் (தலைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில்) தேய்த்தால் மேடான எழுத்து மட்டும் வெள்ளையாகும். வெயில் சாய்ந்த நேரத்தில் படம் எடுங்கள். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது.

நூலகத்தில் வைப்பது பற்றி: தூக்காதீர்கள். ரயில்வே சொத்துச் சட்டவிரோத உடைமைச் சட்டம் 1966-ல் முதல் குற்றத்துக்கே ஐந்து வருடம் வரை சிறை உண்டு. கைவிட்ட பாதை, துருப்பிடித்த இரும்பு என்பதெல்லாம் அங்கே பதிலாகாது. எப்படிக் கிடைத்தது என்று காட்ட வேண்டியவர் வைத்திருப்பவர். நிலமும் பல இடங்களில் இன்னும் ரயில்வே கையில்தான், அத்துமீறலுக்கு 1989 ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவு. காட்சிக்கு வைக்க ஆசை என்றால் ரயில்வே கோட்ட மேலாளருக்கு எழுதிக் கேளுங்கள். அனுமதித்தால் எழுத்தில் வரும்.

---

புலஎண்:

அந்தத் தோட்டக்காரர் பெயர், புல எண் எதையும் கட்டுரையில் போட்டுவிட வேண்டாம். வேலித் தூணால் அவருக்கு நோட்டீஸ் வந்தால் உங்களை ஊருக்குள் விட மாட்டார்கள்.

---

மீட்டர்கேஜ்:

தகவல் உரிமை மனு பற்றி யாரும் சொல்லவில்லையே. மூடல் ஆணை வேண்டுமென்றால் அதுதான் வழி. மயிலாடுதுறை திருச்சிராப்பள்ளி கோட்டத்தில் வருகிறது. மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் தெற்கு ரயில்வேயைத் தேர்ந்தெடுத்து மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், மனுவுக்கு 3,000 எழுத்து வரம்பு, பதிலுக்கு 30 நாள். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய்.

மனு தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கேள்வியின் வடிவம். "இந்த நிலையம் ஏன் மூடப்பட்டது?" என்று கேட்டால் விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் முடிப்பார்கள். "வரலாறு தருக" என்றால் தகவல் இல்லை என்பார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். மாதிரி:

1. மயிலாடுதுறை – தரங்கம்பாடி மீட்டர்கேஜ் பகுதியில் பயணிகள் சேவையை நிறுத்திய ஆணையின் நகல்.
2. அதே பகுதியை முறையாக மூடிய ஆணையின் நகல், அதற்கான ரயில்வே போர்டு ஒப்புதல் கடிதத்துடன்.
3. மேற்படி பகுதியில் (நிலையத்தின் பெயர்) நிலைய யார்டின் நிலத் திட்ட வரைபட நகல்.
4. மேற்படி பகுதியின் பாலப் பதிவேட்டில் (எந்தக் கி.மீ. முதல் எந்தக் கி.மீ. வரை) உள்ள பக்கங்களின் நகல்.
5. மேற்கண்ட எதுவும் அழிக்கப்பட்டிருந்தால், அழித்ததைப் பதிந்த பதிவேட்டுப் பக்கத்தின் நகல்.

ஐந்தாவதை விடாதீர்கள். "கோப்பு கிடைக்கவில்லை" என்ற பதிலுக்கு அதுதான் கடிவாளம். அழித்த பதிவில் கோப்பின் எண்ணும் தலைப்பும் இருக்கும், அந்த எண்ணை வைத்து தலைமையகத்தில் இன்னொரு நகல் இருக்கிறதா என்று கேட்கலாம்.

1-ம் 2-ம் இயக்க, வணிகப் பிரிவுகளுக்கு. 3-ம் 4-ம் பொறியியலுக்கு. ஒரே மனுவில் போட்டால் பிரிவு பிரிவாகச் சுற்றித் தாமதமாகும். இரண்டு மனுவாகப் போடுங்கள், கூடுதல் பத்து ரூபாய்தான். நிலத் திட்டம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்: நிலம் தங்கள் பெயரில் இருக்கும்வரை ஆக்கிரமிப்பு வழக்குக்கு அதுதான் ஆதாரம், தூக்கிப் போட மாட்டார்கள். வரைபடம் பெரிய தாள், நகல் எடுக்க வசதியில்லை என்றால் நேரில் பார்வையிடக் கேளுங்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.

வருவாய்த்துறை ஆவணம் கேட்கும் மனு மாநில அரசுக்குப் போக வேண்டும். அந்தத் தளத்தில் போட்டால் திரும்பி வரும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் அனுப்பலாம்.

---

வண்டல்:

தாள் எல்லாம் சரி. ஊரில் பெரியவர்களிடம் கேட்கும் முறையையும் மாற்ற வேண்டும். "எந்த வருஷம் நின்னுச்சு?" என்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் வரத்தான் செய்யும். வருடத்தைக் கேட்காமல், தேதி தெரிந்த பொது நிகழ்ச்சியைக் காட்டி ரயில் ஓடியதா என்று கேளுங்கள்.

"1977 நவம்பர் புயல் அடிச்சப்ப வண்டி ஓடிச்சா, எத்தனை நாள் நின்னுச்சு?" "இந்திரா காந்தி சுட்டுக் கொன்னப்ப?" அது 31-10-1984. "எம்.ஜி.ஆர். இறந்தப்ப மாயவரம் போக ரயில் இருந்துச்சா, பஸ்தானா?" அது 24-12-1987. அந்த இரண்டு நாளிலும் யார் எங்கே மாட்டிக்கொண்டார், எப்படி வீடு வந்தார் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டு முளைகளுக்கு நடுவில் உங்கள் தேதி விழும். அதோடு மீட்டர்கேஜ் சொன்ன அட்டவணைப் புத்தகத்தைச் சேர்த்தால் மாதக் கணக்கில் நெருங்கலாம்.

யாரைக் கேட்பது என்பதும் உண்டு. பயணிகளைவிட கேங்மேன் (தண்டவாளம் பராமரிப்பவர்), கேட்கீப்பர், பாயின்ட்ஸ்மேன் (வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுபவர்) வேலையில் இருந்தவர்களின் குடும்பம்தான் முதல். பாதை நின்றால் அவர்களுக்கு வேறு பிரிவுக்கு மாற்றல் வந்திருக்கும், மாற்றல் உத்தரவும் சர்வீஸ் பதிவும் பீரோவில் இருக்கும், அதில் தேதி இருக்கும். நிலையத்தின் எதிரே டீக்கடை, வண்டிக்காரர், ரயிலில் மீன் கூடை ஏற்றியவர்கள் அடுத்து. மாணவர்கள் சீசன் டிக்கெட் வைத்திருந்தால் அட்டையைக் கேட்டுப் பாருங்கள்.

---

மீட்டர்கேஜ்:

வண்டல் சொன்னது சரி. டிக்கெட் பற்றி ஒரு சேர்க்கை. பழைய அட்டை டிக்கெட் சுமார் 57 × 30 மி.மீ. இருக்கும். தேதி மையால் அச்சிடுவதில்லை, ஓரத்தில் அழுத்திப் பதிக்கும் எந்திரத்தால் குத்தியிருக்கும். மங்கிப்போன தேதியை முன்பக்கம் பார்த்துப் படிக்க முடியாவிட்டால் பின்பக்கம் திருப்பிச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்கேனரில் தட்டையாக வைத்தால் அந்தத் தேதி விழாது. படம்தான் எடுக்க வேண்டும்.

டிக்கெட்டில் மாயூரம் என்று இருந்தால் 1982-க்கு முந்தையது என்று சொல்லிவிடாதீர்கள். சிறு நிலையத்தில் அச்சிட்ட கட்டு விற்றுத் தீர வருடங்கள் ஆகும், பெயர் மாறிய பிறகும் பழைய அட்டையையே கொடுப்பார்கள். மயிலாடுதுறை என்று அச்சாகியிருந்தால் மட்டும் 1982-க்குப் பிந்தையது என்பது உறுதி. வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நிலையத்திலிருந்து ஒரே ஊருக்கான இரண்டு டிக்கெட் வேறு வேறு தேதியில் கிடைத்தால், எண்களின் வித்தியாசத்தை நாட்களால் வகுத்தால் அந்த ஊருக்கு நாளைக்கு எத்தனை பேர் போனார்கள் என்று தோராயமாக வரும். எண் சுற்று முடிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தால் கணக்கு கெடும், அதனால் ஒரு வருடத்துக்குள் விழும் ஜோடியை மட்டும் எடுங்கள்.